முதல் சுற்றுச் சிரிப்பு

கால்பந்து ரசிகன் அடிக்கும் கேலி ஒருவகை விமர்சனம்தான் என்று போன மாதம் நண்பர்களிடையே சொல்லப்போய், "அப்படியானால் விமர்சனம் ஒருவகைக் கேலிதானா?" என்று கேட்டு மடக்கிவிட்டார் ஒருவர். அவர் கவிஞர். அவருக்கு இரண்டின் மீதும் மரியாதை கிடையாது. அன்று எனக்குப் பதில் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன். பதிலாக அமைகிறதா, வாக்குமூலமாக முடிகிறதா என்பது எழுதி முடித்தால்தான் தெரியும்.

எடுத்துக்கொள்வது 2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஐந்து நாட்களை மட்டும். நவம்பர் 20 முதல் 24 வரை. முப்பத்திரண்டு அணிகளும் தலைக்கு ஒரு ஆட்டம் ஆடி முடித்த நாட்கள். மொத்தம் 16 ஆட்டங்கள். அதற்குப் பின் நடந்ததில், முக்கியமாக டிசம்பர் 18 இறுதி ஆட்டத்தில், சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டம் காவியக்காரர்களின் சொத்து. மூன்றாவது சுற்று கணக்குப்பிள்ளைகளின் சொத்து. யார் எத்தனை கோல் போட்டால் யார் வெளியே என்ற கூட்டல் கழித்தல். அந்த வேலையைப் பகலெல்லாம் சம்பளத்துக்குச் செய்கிறவனுக்கு ராத்திரியும் எதற்கு? முதல் ஆட்டத்தில்தான் ரசிகன் தனியாக நிற்கிறான். கையில் புள்ளிப் பட்டியல் கிடையாது. போன தடவையின் ஞாபகமும் இந்தத் தடவையின் ஆசையும்தான் அவனிடம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே, மைதானத்தில் நிஜமாக நடப்பது வந்து விழும்போது கிளம்புகிற சப்தத்தைத்தான் நான் சிரிப்பு என்று சொல்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை முதலில் வைக்கிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நம் பெரும்பத்திரிகைகள் நகையைப் பக்கத்தின் அடியில் துணுக்காக ஒதுக்கிவிட்டன. நம் சிறுபத்திரிகைகளோ அதை வாசலிலேயே நிறுத்திவிட்டன. இங்கே எல்லோரும் தீவிரமாக இருக்கிறோம். இளமையும் பேதைமையும் மடனும் இருக்கட்டும், எனக்கு இப்போது வேண்டியது எள்ளல். பேராசிரியர் உரையில் எள்ளல் இரண்டாகப் பிரிகிறது. தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது இன்னொன்று. முதலாவது நம் மதிப்புரைகளில் தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேனே ஒழிய, கண்ணால் பார்த்தது அந்த ஐந்து நாட்களில்தான்.

நான் வேலை பார்ப்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில். தமிழ்நாட்டில் கிரிக்கெட்டைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கத் துணிந்த ஊர்கள் இந்தப் பக்கம் சில உண்டு. கடலுக்குப் போகாத நாளில் மணலில் பந்து உருளும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஆகவே கத்தார் இங்கே தூரதேசம் ஆகாது. பணம் வருகிற முகவரிகளில் அதுவும் ஒன்று.

முதல் ஆட்டம் தோஹாவுக்கு வடக்கே அல் கோரில், பாலைவனக் கூடாரத்தின் உருவத்தில் கட்டிய அல் பைத் ஸ்டேடியத்தில். கத்தாரும் ஈக்வடாரும். எங்களுக்கு இரவு ஒன்பதரை மணி. சர்ச் திடலில் திரை கட்டியிருந்தார்கள். ஈக்வடார்க்காரர்களுக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று ஆதாரமில்லாத வதந்தி ஒன்று முன்கூட்டியே உலகத்தைச் சுற்றி வந்திருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் என்னர் வலென்சியா தலையால் முட்டிக் கோல் போட்டார். யந்திரங்கள் கூடி ஆலோசித்தன. ஒரு ஈக்வடார்க்காரரின் கால் ஆப்ஸைடில் நீண்டிருந்ததாகத் தெரியவந்து கோல் ரத்தாயிற்று. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பையன் திரும்பி என்னைப் பார்த்து, "சாரே, செக் பாஸாயாச்சு" என்று கத்தினான். திடல் முழுக்கச் சிரித்தது. 16-வது நிமிஷம் வலென்சியா பெனால்டியில் கோல் போட்டார். 31-ல் தலையால் இன்னொன்று. பையன் மறுபடியும் திரும்பினான். "செக் திரும்பியாச்சு சாரே."

இதை நான் சாதாரண வாய்த்துடுக்கு என்று விட்டுவிடத் தயாராயில்லை. ஒரு வாசகத்தைச் சொல்லி இருபத்தெட்டு நிமிஷத்துக்குள், அதே உருவகத்தை விடாமல், அதை ரத்து செய்து எதிர் வாசகத்தைச் சொன்னான். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இருபத்தெட்டு வருஷத்தில் இதைச் செய்கிறோம்? ஸ்டேடியத்துக்குள்ளும் இதே ஜாதிச் சிரிப்புதான். மைதானத்தில் பீர் விற்கக்கூடாது என்று ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் உத்தரவு மாறியிருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்த ஈக்வடார் ரசிகர்கள், கோல் வேண்டும் என்று பாட வேண்டிய இடத்தில், பீர் வேண்டும் என்று ஸ்பானிஷில் பாடினார்கள். நடத்துகிற நாடு தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றது உலகக் கோப்பையில் அதுதான் முதல் தடவை.

என் பங்குக்கு நானும் ஒன்று தயாரித்தேன். அன்றைய கூட்டம் 67,372 என்று அறிவித்தார்கள். அந்த ஸ்டேடியத்துக்கு 60,000 இருக்கை என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தோம். பிறகு இருக்கைக் கணக்கு 68,895 என்று திருத்தப்பட்டது. ஆனால் இடைவேளைக்குப் பின் டெலிவிஷனில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மறுநாள் திங்கட்கிழமை கவுண்டரில் வந்தவரிடமெல்லாம், "லெட்ஜரில் இருப்பு இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல வரவேற்பு. நகை மதிப்பீட்டாளர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பதினொரு மணிவாக்கில் பாஸ்புத்தகம் பதிய ஒரு பெரியவர் வந்தார். மகன் கத்தாரில் பஸ் ஓட்டுகிறான் என்பது எனக்குத் தெரியும். மாதாமாதம் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் நான்தான். அவரிடமும் லெட்ஜரை அவிழ்த்தேன். அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "பாதிக் களியிலே எல்லாரும் எறங்கி வந்தாச்சாம் சாரே. பயலுக்குச் சோறு தின்ன நேரம் கிட்டல்ல." ஆட்டம் முடிந்து கூட்டம் வரும் என்று கணக்குப் பண்ணிப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். பிரித்த கையோடு ஜனம் வந்து ஏறிவிட்டது. தோஹா வரைக்கும் சோறு பக்கத்திலேயே திறந்து கிடந்ததாம்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை, தன் மகனுக்காக இரக்கம் கேட்கவும் இல்லை. இதையும் ஒரு தமாஷாகத்தான் சொன்னார். என் தமாஷைவிட அது நல்ல தமாஷ் என்பதுதான் எனக்கு உறைத்தது. காலி நாற்காலியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது; அதில் இருந்தவன் எங்கே போனான் என்ற கேள்வி வரவில்லை. டெலிவிஷன் ஸ்டேடியத்து வாசலோடு நின்றுவிடுகிறது. நானும் அங்கேயே நின்றுவிட்டேன். பெரியவருக்குப் பஸ் தெரிந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் தெரிந்திருந்தது. அந்த ஸ்டேடியங்களைக் கட்டியவர்களும் இந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்கியவர்களும் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று பத்தி பத்தியாக நான் படித்திருந்தேன். படித்ததெல்லாம் சிரிக்கும்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அர்ஜென்டினா-சவூதி ஆட்டம் இந்திய நேரம் மாலை மூன்றரைக்கு. மேஜை இழுப்பறை நான்கு அங்குலம் திறந்திருந்தது. உள்ளே கைத்தொலைபேசி, ஓசையில்லாமல். பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டியில் கோல். அதன் பிறகு முதல் பாதியிலேயே இன்னும் மூன்று தடவை பந்து வலைக்குள் போயிற்று. மெஸ்ஸி ஒன்று, லவுத்தாரோ மார்ட்டினெஸ் இரண்டு. மூன்றும் ஆப்ஸைட். சவூதி அணியின் பிரெஞ்சுப் பயிற்சியாளர் எர்வே ரெனார் தன் தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுப்பக்கம் வரை ஏற்றிவைத்திருந்தார். துணிச்சலா மடத்தனமா என்று நாற்பத்தைந்து நிமிஷம் வரை யாராலும் சொல்ல முடியாத திட்டம். நான் மடத்தனம் என்று முடிவு கட்டி ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லவும் செய்தேன். இடைவேளை முடிந்து எட்டு நிமிஷத்துக்குள் 48-ல் சாலே அல் ஷெஹ்ரி, 53-ல் சாலெம் அல் தவ்சாரி. 2-1. மெஸ்ஸியைக் கேட்டபடி சவூதி ரசிகர்கள் தோஹா வீதிகளில் திரிந்தார்கள். ஆள் எங்கே, ஆள் எங்கே என்று, காணாமற்போன உறவினரை விசாரிக்கிற தோரணையில். மறுநாள் சவூதியில் பொது விடுமுறை விட மன்னர் உத்தரவு.

புதன்கிழமை காலை ஆட்டோ ஸ்டாண்டுச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ். ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும் இளநீலமுமான பனியன், எண் இல்லாமல். கீழே: வயது 36. தோற்றம்: 2019. மறைவு: 22.11.2022. அதற்கும் கீழே, துயரத்துடன், சம்பளத்தோடு விடுமுறையில் இருக்கும் ரியாத், தம்மாம் வாழ் ஊர்மக்கள்.

இதை விமர்சகனாகப் பார்க்க வேண்டும். சாவு அறிவிப்பின் ரூபத்தை அவர்கள் எங்கும் உடைக்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூடக் கோணலாக்கவில்லை. 36 என்பது அர்ஜென்டினா தோற்காமல் ஆடிவந்த ஆட்டங்களின் எண்ணிக்கை. அதை வயதாக்கினார்கள், அவ்வளவுதான். தோற்றம் என்ற சொல்லை நாம் இந்தச் சுவரொட்டிகளில் தினம் பார்த்தபடி போகிறோம். அதற்குள் தோல்வியும் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல் இந்தப் பையன்கள்தான் காட்டினார்கள். தவிர, அதற்கு முந்தைய அர்ஜென்டினாவின் தோல்வி 2019 ஜூலையில், கோபா அமெரிக்கா அரையிறுதியில், பிரேஸிலிடம். ஃப்ளெக்ஸ் வைத்தது பிரேஸில் கட்சி. ஆக 'தோற்றத்துக்கும்' தாங்களே காரணம் என்ற பெருமையும் அதில் அடக்கம். நம் அங்கதக் கவிதைகளில் எத்தனை ஆச்சரியக்குறி, எத்தனை ஊதல். இங்கே எல்லாம் இருந்தபடி இருக்கிறது. ஒரு எண் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

ஆனால் ஃப்ளெக்ஸைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அர்ஜென்டினா கட்சி செய்தது. அவர்கள் அதைக் கிழிக்கவில்லை. பத்து மணிக்கு நான் டீ குடிக்கப் போனபோது அதற்கு ஒரு செவ்வந்தி மாலை ஏறியிருந்தது. கீழே ஊதுபத்தி. பனியன் போட்ட இரண்டு பேர் பக்கத்தில் பெஞ்சு போட்டு, கைகட்டி, வருகிறவர்களிடம் துக்கம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் கையைப் பிடித்தேன். ஒருவன் நிஜமாகவே ராத்திரி தூங்காத கண்ணோடு இருந்தான். பேராசிரியர் சொன்ன இரண்டாவது எள்ளல் இதுதான் என்று அங்கே நின்றபோது தோன்றியது. தன் துக்கத்தை எதிராளி கேலி செய்த ரூபத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து, அதைத் துக்கமாகவும் சிரிப்பாகவும் ஏககாலத்தில் நடத்திக் காட்டுவது. இது தோல்வியை மறைக்கும் தந்திரம் என்று ஒருவர் வாதிக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மறைக்கிறவன் ரோட்டோரத்தில் பெஞ்சு போடமாட்டான்.

அந்த பெஞ்சிலேயே ஒரு பழைய ஆட்டக்காரர் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. 1990 என்றார். அந்த வருஷம் ஜூன் 8, மிலானில் திறப்பு ஆட்டம். நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா, மரடோனாவோடு. எதிரே கேமரூன். 67-வது நிமிஷம் ஒமாம் பியிக் தலையால் இடித்த பந்து கோல்கீப்பர் பும்பிதோவின் கைக்குள் வந்து நழுவி உள்ளே போயிற்று. கேமரூன் ஒன்பது பேராக இளைத்தும் ஜெயித்தது. அதே அர்ஜென்டினா அந்தத் தடவை இறுதி ஆட்டம் வரைக்கும் போயிற்று. பெரியவர் இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. சிரிக்கிறவர்களுக்கு இந்தத் தகவல் தேவையில்லை என்பது மாதிரிச் சொன்னார். மரபறிவு என்று நாம் பெரிய எழுத்தில் எழுதும் சமாசாரம் இதுதான் போலிருக்கிறது. முதல் சுற்றில் அது யாருக்கும் வேண்டியிருப்பதில்லை.

சனிக்கிழமை 26-ந் தேதி அர்ஜென்டினா மெக்ஸிகோவை 2-0 என்று ஜெயித்தது. ஞாயிறு காலை பூசைக்குப் போகிற கூட்டம் ஆட்டோ ஸ்டாண்டில் தயங்கி நின்று சிரித்துவிட்டுப் போயிற்று. அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வேறு. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது, வாடிய மாலையோடு. அதன் குறுக்கே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள்: லாசர். கல்லறையில் நாலு நாள் கிடந்து எழுந்தவன். 22-லிருந்து 26 வரை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்து, ஆட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தானே தொடங்கியது, தேதி 27 ஆகிவிட்டதே என்று ஆட்சேபித்தேன். விடியும்வரை சனிக்கிழமைதான் என்று பதில் வந்தது. வங்கியில் வேலை பார்க்கிறவனோடு இலக்கியம் பேசினால் இப்படித்தான் என்றும் யாரோ சொன்னார்கள்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். இவர்களுக்கு அர்ஜென்டினா என்ன உறவு? ஆட்டம் தொடங்குமுன் தோஹா வீதியில் இங்கிலாந்து, அர்ஜென்டினா, பிரேஸில் பனியன்களில் ஊர்வலம் போன நம் தேசத்தவர்களை, கேரளத்தார் அநேகர், கூலிக்கு வந்த போலி ரசிகர்கள் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் சந்தேகப்பட்டன. அந்தச் சந்தேகத்தில் இனத்திமிர் இருந்தது என்பது ஒரு பக்கம். அதோடு ஒரு இலக்கியக் கேள்வியும் அதற்குள் இருந்தது: தனக்குக் குடியுரிமை இல்லாத இடத்தின் மீது ஒருவனுக்கு உண்மையான பற்று இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை ரசிகனிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் கேட்க வேண்டும். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே 30 அடி மெஸ்ஸியை நட்டார்கள். பிரேஸில் கட்சி 40 அடி நெய்மரை நட்டது. பிறகு ரொனால்டோவுக்கு 50 அடி. நாம் ஆற்றில் நடவில்லையே தவிர, காஃப்காவுக்கும் போர்ஹெஸுக்கும் முப்பதும் நாற்பதுமாக நட்டவர்கள்தானே? 1950-ல் பிரேஸிலுக்குப் போக இடம் கிடைத்தும் இந்திய அணி போகவில்லை. அதற்குப்பின் இங்கே ஒவ்வொரு கால்பந்து ரசிகனும் மொழிபெயர்ப்பு வாசகன்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அவன் தன் அணி தோற்றால் ஊர்நடுவே மாலை போட்டு உட்காருகிறான். நம் மேலைநாட்டு ஆதர்சங்கள் தோற்றபோது நாம் யாரும் துக்கம் கேட்டதாக ஞாபகம் இல்லை.

போர்ஹெஸ் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். (காம்யு கோல்கீப்பராக இருந்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கால்பந்து பற்றி எழுதும் இலக்கியவாதிகள் எல்லோரும் அதைச் சொல்லியாயிற்று.) போர்ஹெஸுக்குக் கால்பந்து பிடிக்காது. 1978-ல் அர்ஜென்டினா தன் மண்ணில் முதல் ஆட்டம் ஆடிய அதே நேரத்தில் அமரத்துவம் பற்றி அவர் சொற்பொழிவு வைத்துக்கொண்டார் என்று உருகுவேக்காரர் எதுவார்தோ கலியானோ எழுதியிருக்கிறார். பியோய் கஸாரெஸோடு சேர்ந்து அவர் எழுதிய ஒரு கதையில் கால்பந்து என்பதே எப்போதோ நின்றுபோய்விட்டது. ஸ்டேடியங்கள் இடிந்து கிடக்கின்றன. ஆட்டங்களெல்லாம் ஒலிபரப்புக் கூடத்தில் தயாராகும் கற்பனை. புத்திசாலித்தனமான கதை. இழுப்பறைக்குள் ஓசையில்லாமல் லுஸைல் ஸ்டேடியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதை நினைத்தேன். ஆனால் அந்தக் கதையில் பஸ் டிரைவர் இல்லை. மைதானம் கற்பனை என்றே வைத்துக்கொண்டாலும் சோறு தின்ன முடியாமற்போனவன் ஒருவன் இருக்கிறான். போர்ஹெஸின் எள்ளல் அத்தனையும் முதல் வகை. உயரத்திலிருந்து விழுகிறது. அமரத்துவம் பற்றிப் பேசினவருக்கு நாலு நாளில் அடுத்த ஆட்டம் கிடையாது.

இங்கிலாந்துக்காரர்களின் கேலியை நம்மவர்கள் கொஞ்சம் அதிகமாகவே மெச்சுகிறார்கள். 1996-ல் வந்த 'மூன்று சிங்கங்கள்' பாட்டிலிருந்து தங்கள் தோல்வியைத் தாங்களே பாடிக்கொள்வது அவர்களுக்கு ஒரு தேசியப் பழக்கம். அது கவசம். முன்கூட்டியே தன்னைக் கேலி செய்துகொள்பவனை வேறு யாரும் கேலி செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பில் ஒரு சுகம் இருக்கிறது. நவம்பர் 21-ல் ஈரானை 6-2 என்று ஜெயித்ததும் கவசத்தைக் கழற்றி வைத்தார்கள். 25-ல் அமெரிக்காவோடு 0-0 என்றதும் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மேலும் அந்த ஈரான் ஆட்டத்தைப் பற்றி எந்தத் தமாஷும் எங்கள் திடலில் எடுபடவில்லை. மாஸா அமீனியின் சாவுக்குப் பின் ஈரானில் பெண்கள் தெருவுக்கு வந்திருந்த சமயம். தேசியகீதம் ஒலித்தபோது ஈரான் ஆட்டக்காரர்கள் பதினொரு பேரும் வாயைத் திறக்கவில்லை. காலரியில் அவர்கள் நாட்டவர்கள் சிலர் அழுதார்கள். 'செக்' பையன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் முன்னால் பார்த்தான். எதற்குச் சிரிக்கக்கூடாது என்று அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எனக்குத் தெரிந்த விமர்சகர்களில் பாதிப் பேருக்கு இந்த நிதானம் கிடையாது. அந்தப் பாதியில் நானும் உண்டு.

ரசிகர்களுக்குத் தர்க்கத்தின் மேல் இருக்கும் அவநம்பிக்கையும் கவனிக்கத்தக்கது. ஸ்பெயின் கோஸ்டா ரிகாவை 7-0. ஜப்பான் ஜெர்மனியை 2-1. இரண்டும் 23-ந் தேதி. பிறகு கோஸ்டா ரிகா ஜப்பானை 1-0. ஜப்பான் ஸ்பெயினை 2-1. இதை வைத்து யார் பெரியவன் என்று டீக்கடையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வாதம் நடந்தது. முடிவு எட்டப்பட்டால் கட்சியை விட்டு விலக்கிவிடுவார்கள் போலிருந்தது. அர்ஜென்டினாவைத் தோற்கடித்த சவூதி தன் பிரிவில் கடைசியாக வந்தது. தோற்ற அர்ஜென்டினா கோப்பையை எடுத்தது. டிசம்பருக்குப் பின் எல்லோரும் ஞானிகளாகி, அந்த முதல் தோல்விதான் அணியைச் செதுக்கியது என்று பேச ஆரம்பித்தார்கள். நம் இலக்கிய வரலாறுகளும் இந்த பாணியில்தான் எழுதப்படுகின்றன. எனக்கு இந்த ஞானத்தைவிட வயது 36 என்ற பொய்த்துப்போன ஃப்ளெக்ஸ் பெரிதாகத் தோன்றுகிறது. அதில் தேதி இருந்தது. எழுதினவர்கள் அதே ஸ்டாண்டில் நாலு நாள் கழித்தும் நின்றார்கள்.

வாக்குமூலத்துக்கு வந்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு புதுக் கவிஞரின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். "இத்தொகுதியில் மழை 31 தடவை பெய்கிறது, குடை ஒரு தடவைகூட இல்லை" என்பது அதில் ஒரு வாக்கியம். பலரும் ரசித்தார்கள். நம் முந்நூறு சந்தாதாரர்களில் ஒருவர் அஞ்சலட்டையில் பாராட்டு எழுதினார். இன்றைக்கும் அந்தக் கவிஞர் பெயரைச் சொன்னால் குடை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மழையை எண்ணினேன் என்பது உண்மை. ஆனால் பாதிப் புத்தகம் வரைக்கும்தான் எண்ணினேன். மீதிக்கு ஒரு உத்தேசம் போட்டேன். கணக்கில் உத்தேசம் போட்டால் வங்கியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது தொகுதி வந்து மூன்று வருஷமாகிறது. தபாலில் எனக்கு ஒரு பிரதி வந்தது, கையெழுத்தோடு. அதில் ஒரு சின்னக் கவிதையில் கோடைகாலத்துப் பஸ் ஒன்றில் யாரோ மறந்துவிட்டுப்போன குடை இருக்கிறது. கண்டக்டர் அதை ஸீட்டுக்கு ஸீட் நகர்த்திவைக்கிறார். அவ்வளவுதான் கவிதை. என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். தொகுதி முழுவதுமே நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதினால் முந்தைய வாக்கியத்தைத் திரும்ப வாங்க வேண்டும். மூன்று வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மெளனத்துக்கு ரசனைபேதம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மதிப்புரையைப் போன வாரம் எழுதினேன். புத்தகம் முழுக்கப் படித்து, பழைய தொகுதியின் மீதிப் பாதியையும் படித்து. மழை 31 தடவை பெய்யவில்லை, 19. இந்தக் கட்டுரையோடு சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கும் இடமில்லை என்றால் கால்பந்தை நிறுத்திவைத்துவிட்டு அதைப் போடட்டும்.